மைனா போனது... நத்தை வந்தது!



முதலில் ஒரு புதிர். ஒருவருக்கு இரண்டு இறக்கைகள் உண்டு. ஆனாலும் பெருங்கடலைத் தாண்டிப் பறக்க அவரால் முடியாது. இன்னொருவருக்கு இருப்பது ஒரே கால். அதுவும் வயிற்றுப் பக்கத்தில்! ஒரு நிமிடத்தில் அவர் நகரும் தூரம் சில சென்டிமீட்டர்தான். ஆனால் இருவருமே பல கடல்களைத் தாண்டி, பல நாடுகளில் குடியேறிவிட்டார்கள். யார் அவர்கள்? எப்படிப் போனார்கள்?

முதலாமவர், தினமும் நம் வீட்டு வாசலில் நடைபோடும் மைனா. இரண்டாமவர், மழைக்காலத்தில் தோட்டத்துச் சுவரில் ஏறும் ஆப்பிரிக்க ராட்சத நத்தை.

'பறவையையும் நத்தையையும் ஒப்பிடுவதா? யானைக்கும் பூனைக்கும் ஒப்பீடா?' என்று கேட்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். இருவருக்கும் உள்ள வேற்றுமைகளைவிட ஒற்றுமைகள்தாம் உங்களை வியக்க வைக்கும்.

முதலாமவர்: மைனா

மைனாவை வர்ணிக்கச் சொன்னால் நீங்களே சொல்லிவிடுவீர்கள். பழுப்பு நிற உடல், கறுப்புத் தலை, மஞ்சள் அலகு, மஞ்சள் கால்கள். கண்ணைச் சுற்றி மஞ்சள் மை தீட்டியது போன்ற திட்டு. பறக்கும்போது இறக்கையில் வெள்ளைப் பட்டை பளிச்சென்று தெரியும். நீளம் சுமார் 23 முதல் 25 சென்டிமீட்டர். எடை ஏறக்குறைய 100 கிராம்.

பழந்தமிழில் இதற்கு நாகணவாய்ப்புள், பூவை என்றெல்லாம் பெயர்கள் உண்டு. 'புள்' என்றால் பறவை. இதன் அறிவியல் பெயர் அக்ரிடோதெரஸ் டிரிஸ்டிஸ். இதில் முதல் சொல்லுக்கு 'வெட்டுக்கிளியை வேட்டையாடுவது' என்று பொருள். இந்தப் பெயரை மறந்துவிடாதீர்கள். பின்னால் ஒரு பெரிய கதைக்கு இதுதான் காரணம்!

வயலில் ஏர் ஓட்டும்போதும் டிராக்டர் ஓட்டும்போதும் பின்னாலேயே மைனாக்கள் நடந்து வருவதைப் பார்த்திருப்பீர்கள். மண் புரளும்போது வெளியே வரும் புழு பூச்சிகளைப் பிடிப்பதற்குத்தான். பூச்சி மட்டுமா? பழம், தானியம், நாம் சிந்திய சோறு, இட்லித் துண்டு எதையும் விடாது.

மைனா கூடு கட்டப் பெரிதாகச் சிரமப்படாது. மரப்பொந்து, சுவர் ஓட்டை, கூரை இடுக்கு ஏதாவது கிடைத்தால் போதும். அதில் வைக்கோல், சருகு, கந்தல், காகிதம் எல்லாவற்றையும் திணித்து நீல நிறத்தில் நான்கு முதல் ஆறு முட்டைகள் இடும். அப்பா, அம்மா இருவரும் மாறி மாறி அடைகாப்பார்கள். குஞ்சு பொரித்த பிறகு இரை ஊட்டுவதும் இருவரும்தான்.

இரண்டாமவர்: ராட்சத நத்தை

இவருடைய சொந்த ஊர் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கடற்கரைப் பகுதி. ஓடு, நுனி கூரான கூம்பு போல இருக்கும். அதில் பழுப்பு நிறப் பட்டைகள் ஓடும். பொதுவாக 5 முதல் 10 சென்டிமீட்டர் நீளம். நன்றாக வளர்ந்தால் 20 சென்டிமீட்டர் வரைகூடப் போகும். அதாவது, உங்கள் 15 சென்டிமீட்டர் ஸ்கேலைவிடப் பெரியது!

நத்தையின் தலையில் இரண்டு ஜோடி உணர்கொம்புகள் உண்டு. நீளமான ஜோடியின் நுனியில் கண்கள். கீழே உள்ள குட்டை ஜோடி, முகர்ந்தும் தொட்டும் பார்க்க. நாக்கிலோ ஆயிரக்கணக்கான நுண்ணிய பற்கள் வரிசை வரிசையாக இருக்கும். தேங்காய்த் துருவி போல இலையை அப்படியே சுரண்டித் தின்னும். நம் மைனாவுக்கு ஒரு பல்கூடக் கிடையாது என்பதை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்!

நத்தைகளில் இந்த இனத்துக்கு ஆண், பெண் என்ற பிரிவே இல்லை. ஒவ்வொரு நத்தையும் முட்டையிடும். ஒரு தடவைக்கு நூறு முதல் நானூறு முட்டைகள் வரை! ஆண்டில் பல தடவை இடும். மண்ணைத் தோண்டி முட்டையிட்டு மூடிவிட்டுப் போனால் அதோடு சரி. திரும்பிப் பார்ப்பதில்லை. மூன்று வாரங்களுக்குள் குட்டி நத்தைகள், முதுகில் குட்டி ஓட்டுடன் தாமாகவே வெளியே வரும்.

வெயில் காலம் வந்தால் இன்னொரு வித்தை. ஓட்டுக்குள் உடலை இழுத்துக்கொண்டு, வாயிலை மெல்லிய சவ்வால் மூடிவிட்டு மாதக்கணக்கில் தூங்கும். செத்த ஓடு என்று நாம் நினைப்போம். மழை பெய்ததும் எழுந்து நடக்கத் தொடங்கிவிடும்.

பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்!

முதுகெலும்பு: மைனாவுக்கு உண்டு. நத்தைக்கு இல்லை.

உடல் வெப்பம்: மைனாவின் உடல் எப்போதும் சூடாக இருக்கும். நத்தையின் உடல், சுற்றுப்புறத்துக்கு ஏற்ப மாறும்.

இரத்தம்: மைனாவுக்குச் சிவப்பு, ஏனெனில் அதில் இரும்பு இருக்கிறது. நத்தையின் இரத்தத்தில் இரும்புக்குப் பதில் செம்பு. காற்றுப் பட்டால் இலேசான நீலம்.

வேலை நேரம்: மைனாவுக்குப் பகல். நத்தைக்கு இரவு.

பிள்ளை வளர்ப்பு: மைனா சில குஞ்சுகளைப் பெற்றுக் கவனமாக வளர்க்கிறது. நத்தை நூற்றுக்கணக்கில் முட்டையிட்டு விட்டுவிடுகிறது.

வேற்றுமைகளைப் பார்த்தோம். இப்போது ஒற்றுமைகள்.

ஒன்று, சுண்ணாம்பு. மைனா முட்டையின் ஓடு கால்சியம் கார்பனேட்டால் ஆனது. நத்தையின் முதுகு ஓடும் அதே பொருள்தான். அது மட்டுமல்ல, இந்த ராட்சத நத்தையின் முட்டைக்கும் சுண்ணாம்பு ஓடு உண்டு. சுமார் அரை சென்டிமீட்டர் அளவில், பறவை முட்டையைச் சுருக்கியது போலவே இருக்கும்! சுண்ணாம்பு தேவைப்படுவதால்தான் இந்த நத்தை வெள்ளையடித்த சுவரையும் சிமெண்ட் பூச்சையும் சுரண்டித் தின்கிறது.

இரண்டு, எதையும் தின்னும் வயிறு. மைனாவின் சாப்பாட்டுப் பட்டியலைப் பார்த்தோம். நத்தையோ குறைந்தது 500 வகைத் தாவரங்களைத் தின்னும் என்று விஞ்ஞானிகள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

மூன்று, இரண்டுமே மனிதர் வாழும் இடத்தில் பயமில்லாமல் வாழும். காடு இல்லையா? தோட்டம் போதும். தோட்டம் இல்லையா? குப்பைமேடு போதும்.

இதுதான் வேண்டும், அதுதான் வேண்டும் என்று அடம்பிடிக்காதவர்கள் எந்த ஊருக்குப் போனாலும் பிழைத்துக்கொள்வார்கள், இல்லையா? இவர்கள் இருவரும் அப்படிப்பட்டவர்கள். இதை மனத்தில் வைத்துக்கொண்டு கதைக்கு வருவோம்.

வழியில் ஒரு குட்டித் தீவு

உலக வரைபடத்தை எடுத்து இந்தியப் பெருங்கடலைப் பாருங்கள். ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்தில் மடகாஸ்கர் என்னும் பெரிய தீவு. அதற்குக் கிழக்கே மிளகு போல ஒரு புள்ளி. அதுதான் மொரீஷியஸ். டோடோ என்ற பறக்காத பறவை வாழ்ந்து அழிந்த தீவு.

அந்தத் தீவை ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டார்கள். அங்கே சிவப்பு வெட்டுக்கிளிகள் கூட்டம் கூட்டமாக வந்து பயிர்களை நாசம் செய்தன. என்ன செய்வது? வெட்டுக்கிளியைத் தின்னும் பறவையைக் கொண்டுவந்தால் என்ன? 1762-ஆம் ஆண்டில் இந்தியாவிலிருந்து மைனாக்களைக் கப்பலேற்றிக் கொண்டுபோனார்கள். ஒரு பூச்சியை ஒழிக்க ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு உயிரினத்தைக் கொண்டுசென்ற மிகப் பழைய நிகழ்ச்சிகளில் ஒன்றாக இதைப் புத்தகங்களில் எழுதிவைத்திருக்கிறார்கள்.

1800-ஆம் ஆண்டு வாக்கில் அதே தீவுக்கு மடகாஸ்கரிலிருந்து ராட்சத நத்தை வந்து சேர்ந்தது. 1847-ல் வில்லியம் பென்சன் என்பவர் மொரீஷியஸிலிருந்து சில நத்தைகளைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். அவர் நத்தைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்தவர். அந்த நத்தைகள் கல்கத்தாவில் ஒரு தோட்டத்தில் விடப்பட்டன.

பார்த்தீர்களா? இந்தியாவிலிருந்து மைனா மொரீஷியஸுக்குப் போனது. 85 ஆண்டுகள் கழித்து மொரீஷியஸிலிருந்து நத்தை இந்தியாவுக்கு வந்தது. இரண்டுமே கேட்டுப் போகவில்லை. கப்பலில் ஏற்றியவர்கள் மனிதர்கள்!

போன மைனா என்ன செய்தது?

மொரீஷியஸோடு நிற்கவில்லை. 1862-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகருக்கும், 1865-ல் பசிபிக் கடலில் உள்ள ஹவாய்த் தீவுகளுக்கும் மைனாவைக் கொண்டுபோனார்கள். எல்லா இடத்திலும் காரணம் ஒன்றுதான். பூச்சியைப் பிடிக்கட்டும்!

மைனா பூச்சியைப் பிடித்தது உண்மை. ஆனால் அதோடு நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவில் கிளிகளும் மரப்பொந்தில்தான் முட்டையிடும். மைனாக்கள் அந்தப் பொந்துகளைப் பிடித்துக்கொண்டன. தீவுகளில் மற்றப் பறவைகளின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்றன. உலகத்தில் வேறெங்குமே இல்லாத பறவைகள் வாழும் செஷல்ஸ் தீவுகளில் நிலைமை மோசமானது. அங்கே தெனிஸ் என்னும் சிறு தீவில் உள்ளூர்ப் பறவைகளைக் காப்பாற்ற, 2010 முதல் 2015 வரை பாடுபட்டு மைனாக்களை முழுவதுமாக அகற்றினார்கள்.

உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2000-ஆம் ஆண்டில் ஒரு பட்டியல் வெளியிட்டது. அயலிடத்தில் நுழைந்து பெருந்தீங்கு செய்யும் நூறு உயிரினங்களின் பட்டியல் அது. அதில் பறவைகள் மூன்றே மூன்று. ஒன்று நம் மைனா. இன்னொன்று நம் வேலியில் துள்ளும் கொண்டைக்குருவி! நம் ராட்சத நத்தைக்கும் அதே பட்டியலில் இடம் கிடைத்தது.

'நம் ஊரில் மைனா யாருக்கும் கெடுதல் செய்வதில்லையே?' என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. இங்கே மைனாவைப் பிடிக்க வல்லூறு இருக்கிறது. முட்டையைத் திருட காகமும் பாம்பும் இருக்கின்றன. பொந்துக்குச் சண்டை போடக் கிளி இருக்கிறது, ஆந்தை இருக்கிறது. பல்லாயிரம் ஆண்டுகளாக எல்லாரும் சேர்ந்தே வாழ்ந்து பழகியவர்கள். ஒருவர் மிஞ்சினால் இன்னொருவர் அடக்கிவிடுவார். புது ஊரிலோ அடக்க ஆள் இல்லை.

வந்த நத்தை என்ன செய்தது?

கல்கத்தாவில் இறங்கிய நத்தை மெல்ல மெல்ல நாடு முழுவதும் பரவியது. 1900-ல் இலங்கைக்குப் போனது. அதன் பிறகு பல கிழக்கு நாடுகளுக்கும் பசிபிக் தீவுகளுக்கும் போனது. ஊர்ந்தா போனது? இல்லை. செடித் தொட்டியில், மண்ணில், மூட்டையில், வண்டியில், கப்பலில் போனது.

வாழை, பப்பாளி, காய்கறி, கீரை, பூச்செடி என்று எல்லாவற்றையும் தின்றுவிடுகிறது. பகலில் கல்லுக்கு அடியில் ஒளிந்திருப்பதால், காலையில் தோட்டத்துக்கு வரும் விவசாயிக்கு ஓட்டை விழுந்த இலைதான் தெரியும்.

உடல்நலத்துக்கும் ஆபத்து உண்டு. எலி நுரையீரல் புழு என்ற நுண்புழு இந்த நத்தையின் உடலில் வாழக்கூடும். அது மனித உடலுக்குள் போனால் மூளையைச் சுற்றியுள்ள உறையில் வீக்கத்தை உண்டாக்கும். ஆகவே, வெறும் கையால் இந்த நத்தையைத் தொடவே கூடாது.

மூன்று நத்தையும் ஒரு சிறுவனும்

இது நடந்தது அமெரிக்காவில். 1966-ல் மயாமி நகரத்தைச் சேர்ந்த ஒரு சிறுவன் ஹவாய்க்குப் போய்விட்டுத் திரும்பினான். வரும்போது யாருக்கும் தெரியாமல் மூன்று ராட்சத நத்தைகளைக் கொண்டுவந்தான். வளர்க்கும் ஆசை! பிறகு அவனுடைய பாட்டி அவற்றைத் தோட்டத்தில் விட்டுவிட்டார். 'பாவம், எங்கேயாவது பிழைத்துப் போகட்டும்' என்று நினைத்திருப்பார் போலும்.

ஏழு ஆண்டுகளில் அந்தப் பகுதியில் பிடிபட்ட நத்தைகள் எத்தனை தெரியுமா? 18,000-க்கும் மேல்! அவற்றை ஒழிக்க ஏறக்குறைய பத்து ஆண்டுகளும் பத்து லட்சம் டாலருக்கு மேலும் செலவாயின.

ஆச்சரியமாக இருக்கிறதா? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நத்தை 200 முட்டை இடுவதாக வைத்துக்கொள்வோம். பாதி செத்துப் பாதி பிழைத்தால் 100. அந்த நூறும் வளர்ந்து ஒவ்வொன்றும் 200 முட்டை இட்டால் 20,000. இது ஒரு நத்தைக்கு, ஒரு தடவைக்கான கணக்கு மட்டும்தான்!

அதே மயாமியில் 2011-ல் மீண்டும் இந்த நத்தை தலைகாட்டியது. மோப்ப நாய்களைப் பழக்கித் தேடினார்கள். 2021-ல்தான் ஒழிந்தது என்று அறிவித்தார்கள். அடுத்த ஆண்டே அந்த மாநிலத்தின் வேறொரு பகுதியில் மறுபடியும் கண்டுபிடிக்கப்பட்டது.

நோயைவிடக் கொடிய மருந்து!

வெட்டுக்கிளிக்கு மைனா என்றார்கள். அப்படியானால் நத்தைக்கு? நத்தையைத் தின்னும் இன்னொரு நத்தையைக் கொண்டுவந்தார்கள்! அதன் பெயர் ஓநாய் நத்தை. மற்ற நத்தைகள் போகும்போது விட்டுச்செல்லும் வழுவழுப்புத் தடத்தைப் பின்தொடர்ந்து போய்ப் பிடித்துத் தின்னும். 1955-ல் ஹவாயிலும், 1977-ல் பசிபிக்கில் உள்ள மூரியா தீவிலும் இதை விட்டார்கள்.

ஓநாய் நத்தை என்ன செய்தது? பெரிய நத்தையோடு மல்லுக்கட்டுவதைவிட, உள்ளூரில் இருந்த சின்னஞ்சிறு மரநத்தைகளைத் தின்பது அதற்குச் சுலபமாக இருந்தது. பார்ட்டுலா என்ற அந்த மரநத்தைகள் உங்கள் விரல் நகம் அளவே இருக்கும். யாருக்கும் தீங்கு செய்யாதவை. நூற்றுக்கணக்கில் முட்டையிடாமல், குட்டியாகவே ஒவ்வொன்றாகப் பெறுபவை. பத்தே ஆண்டுகளில் மூரியா தீவின் காடுகளில் அவை ஏறக்குறைய முற்றிலும் அழிந்துபோயின.

நல்லவேளையாக, விஞ்ஞானிகள் சிலவற்றை முன்பே எடுத்துப்போய் உயிரியல் பூங்காக்களில் வளர்த்தார்கள். 2015 முதல் அவற்றின் வாரிசுகளைத் தீவுகளுக்குத் திருப்பி அனுப்பிவருகிறார்கள். 2024-ல் மூரியா காட்டிலேயே பிறந்து வளர்ந்த பார்ட்டுலா நத்தைகளைக் கண்டபோது அவர்களுக்கு எத்தனை மகிழ்ச்சி இருந்திருக்கும்!

ஹவாயின் ஒரு மரநத்தைக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அதன் பெயர் ஜார்ஜ். 1787-ல் ஒரு கப்பல் தலைவருக்கு ஹவாய் மக்கள் போட்ட மாலையில் கோத்திருந்த ஓட்டின் மூலம் உலகுக்கு அறிமுகமான இனம் அது. ஒரு காலத்தில் அங்கே ஏராளமாக இருந்தது. அந்த இனத்தின் கடைசி நத்தையான ஜார்ஜ், ஆய்வுக்கூடத்தில் துணையில்லாமல் வாழ்ந்து, 2019 ஜனவரி 1 அன்று இறந்தது. அப்போது அதற்கு வயது 14. உங்களில் சிலரின் வயது!

குற்றவாளி யார்?

மைனா கெட்ட பறவையா? நத்தை கெட்ட பிராணியா? மைனா மைனாவாக இருந்தது. நத்தை நத்தையாக இருந்தது. தத்தம் ஊரில் இருந்தவரை இருவருக்கும் அங்கே ஒரு வேலை இருந்தது. ஆப்பிரிக்கக் காட்டில் உதிர்ந்த இலையையும் அழுகியதையும் தின்று மண்ணைச் செழிக்கச் செய்வது அந்த நத்தைதான். 'ஒரு பூச்சிதானே, ஒரு பறவைதானே' என்று யோசிக்காமல் இடம் மாற்றியவர்கள் நாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். எல்லா நத்தையும் ராட்சத நத்தை அல்ல. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் இண்ட்ரெல்லா என்ற அழகான நத்தை இருக்கிறது. அதன் உடல் சிவப்பு, ஆரஞ்சு நிறங்களில் ஜொலிக்கும். உலகத்தில் வேறெங்கும் அது கிடையாது. நத்தை என்று கண்டதும் மிதித்துவிட்டால், மூரியாவில் நடந்தது நம் மலையிலும் நடக்கும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

* சுற்றுலா போகும் இடத்திலிருந்து நத்தை, செடி, மீன், பூச்சி எதையும் எடுத்து வராதீர்கள்.

* வளர்க்கும் மீனையோ பறவையையோ வளர்க்க முடியாமல் போனால் குளத்திலும் காட்டிலும் விடாதீர்கள். மயாமிப் பாட்டியை நினைத்துக்கொள்ளுங்கள்.

* நாற்றுப் பண்ணையில் செடி வாங்கினால் தொட்டியின் அடியையும் மண்ணையும் பெரியவர்களைக் கொண்டு பார்க்கச் சொல்லுங்கள். சிறிய வெளிர் மஞ்சள் முட்டைகள் இருக்கலாம்.

* தோட்டத்தில் ராட்சத நத்தை இருந்தால் நீங்கள் தொடாமல் பெரியவர்களிடம் சொல்லுங்கள். ஈரக் கோணிச் சாக்கில் பப்பாளி இலை, முட்டைகோஸ் இலை போட்டு மாலையில் வைத்தால், நத்தைகள் அதில் வந்து கூடும். பெரியவர்கள் கையுறை அணிந்து சேகரித்து உப்புக் கரைசலில் போட்டு அழிப்பார்கள்.

* கீரை, காய்கறிகளை நன்றாகக் கழுவித் தின்னுங்கள். மண்ணில் விளையாடியபின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

வீட்டுப்பாடம்!

பயப்படாதீர்கள், மதிப்பெண் கிடையாது. இந்த ஞாயிற்றுக்கிழமை காலை பதினைந்து நிமிடம் ஒரு மைனாவைக் கவனியுங்கள். என்ன தின்றது, யாரோடு சண்டை போட்டது, யாரைக் கண்டு பறந்தது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். யாரோடு சண்டை போட்டதோ, யாரைக் கண்டு பறந்ததோ அவர்கள்தாம் இங்கே மைனாவை அளவோடு வைத்திருப்பவர்கள். எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்து, மறுநாள் வகுப்பில் உங்கள் நண்பர்களின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.